எங்க ஊர் கால்வாயும் மூணடிப் பாலமும்

போன புதன்கிழமை கிழக்குக் கொல்லையில சவுக்கு வெட்டினோம். அஞ்சு வருசத்து மரம். நல்லா நேரா போயிருந்திச்சி, அதனால பாதிய சாரம் கட்டற கழிக்கு எடுத்துகினாங்க, மீதி விறகுக்கும் கூழ்மரத்துக்கும் போச்சி. போன பதிவுல தர்பூசணியில கைய சுட்டுகினத எழுதியிருந்தேன் இல்ல, அந்தக் குழிய இந்த சவுக்கு கொஞ்சம் மூடிச்சி. பத்து சக்கர லாரி நேரா கொல்லை வரைக்கும் வந்து, ஏத்திகினு, பாலத்து மேல சத்தமே இல்லாம ஏறி எறங்கி ஈசிஆர் ரோட்டுக்குப் போயிடுச்சி.

லோடு ஏத்தற நேரத்துல சும்மா இருக்கேனேன்னு பாலத்துக்குக் கீழ எறங்கினேன். ஒரு சவுக்குக் கழிய தண்ணியில ஊனி, ஸ்லாபோட அடிப்பக்கத்துக்கும் தண்ணிக்கும் எவ்ளோ எடம் இருக்குன்னு அளந்தேன். தண்ணி ஏறியிருந்த நேரம். மூணடி. வத்துன நேரத்துல பாத்தா அஞ்சடி கிட்ட இருக்கும். இத ஏன் அளந்தேங்கறதுதான் இன்னைக்கு எழுதப் போற சங்கதி. எழுதலாமா வேணாமான்னு ஒரு வருசமா தள்ளிப் போட்டுகினே வந்தேன். ஏன்னா இதுல தப்பு பண்ணவங்க யாருன்னு தேடினா, மொத ஆளா நான்தான் நிக்கறேன்.

எங்க ஊரு இருக்கற எடம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சென்னையிலருந்து பாண்டிச்சேரி போற கடலோர ரோட்டுல, பாலாத்தத் தாண்டி, மரக்காணத்துக்கு வடக்கால. ரோட்டுக்குக் கிழக்க ஊரு. ஊருக்குக் கிழக்க பக்கிங்காம் கால்வா. கால்வாக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு நீட்டு மணல் மேடு. அந்த மேட்டுலதான் எங்க சவுக்கு, மல்லாட்டை, தர்பூசணி எல்லாம். அதுக்கும் அந்தாண்ட கடலோரத்துல மீனவக் குப்பம். ஆக, வீடு மேற்க, கொல்லை கிழக்க, நடுவுல கால்வா. காலையில எழுந்து கொல்லைக்குப் போறவன் கால்வாயத் தாண்டித்தான் ஆவணும். எங்க ஊர்ல சண்டை, கல்யாணம், சாவு எல்லாத்துலயும் இந்தக் கால்வா எங்கயாச்சும் வந்து நிக்கும்.

பள்ளிக்கூடத்துல இதப் பத்தி எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்ல. நானா அங்க இங்க படிச்சதுதான். 1806-ல சென்னையிலருந்து எண்ணூர் வரைக்கும் மொதல்ல ஒரு கால்வா வெட்டினாங்க. அதுக்கு காக்ரேன் கால்வான்னு பேரு. சென்னையில பேசின் பிரிட்ஜ்னு சொல்றமே, அந்த பேசின் இந்தக் கால்வாயில வர்ற தோணிங்க வந்து நிக்கற குட்டைதான். பக்கத்துல சால்ட் கொட்டார்ஸ்னு ஒரு எடம் இருக்கு பாருங்க, அது உப்புக் கொட்டாரம். உப்பு எறக்கி வச்ச எடம். ரயில்ல போவும்போது அந்தப் பேரப் பாத்தா நம்ம பக்கத்து உப்பு ஞாபகம் வரும் எனக்கு.

அப்புறம் வடக்க வடக்க நீட்டிகினே ஆந்திரா வரைக்கும் போனாங்க. தெக்க அடையாத்துலருந்து மரக்காணம் வரைக்கும் இன்னொரு துண்டு. ரெண்டு துண்டுக்கும் நடுவுல, கூவத்துக்கும் அடையாத்துக்கும் எடையில ஒரு எட்டு கிலோமீட்டர் மட்டும் வெட்டாம கெடந்திச்சி. அத வெட்டினது 1876-லருந்து 78 வரைக்கும் வந்த தாது வருசப் பஞ்சத்துல. வேலைக்குக் கூலின்னு பஞ்ச நிவாரணம். பசியில கண்ணு குழி விழுந்த ஜனங்க மண்ணு சொமந்து வெட்டின கால்வா. பேரு மட்டும் அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் டியூக்கு பேரு. வெட்டினவங்கள்ல ஒருத்தர் பேரு கூட நமக்குத் தெரியாது. எங்க ஆயா இதக் கால்வான்னு கூட சொல்லமாட்டா, 'ஆறு'ன்னுதான் சொல்லுவா. அதுவே நல்லா இருக்கு.

பக்கிங்காம்னு பேரு இருக்கறது மட்டும் மொத்தம் 420 கிலோமீட்டர். தமிழ்நாட்டுல 163, ஆந்திராவுல 257. ஆறா இல்லாத ஆறு இது. மலையில பொறக்கல, கடலுக்கு ஓடல. கடலுக்குப் பக்கத்துலயே, கடலோடவே கூட நடந்து வருது. வழியில கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறுன்னு நெஜ ஆறுங்கள எல்லாம் குறுக்க வெட்டிகினு போவுது. முகத்துவாரம் வழியா கடல் தண்ணி உள்ள ஏறும், வத்தும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. ஆத்தைச் சந்திக்கற எடத்துல பெரிய கதவு வச்ச லாக்கு இருக்கும். தோணிய உள்ள விட்டு, கதவ மூடி, தண்ணி மட்டத்த சரி பண்ணி, அடுத்த கதவத் தொறந்து விடுவாங்க.

இதெல்லாம் புஸ்தகத்துல வர்றது. எனக்கு இந்தக் கால்வா கதைய உசுரோட சொன்னவர் எங்க பெரியப்பா. நைனாவோட அண்ணன். இப்ப எண்பது வயசு. தாத்தாவுக்கு ஒரு தோணி இருந்திச்சி. பங்குத் தோணி, மூணு பேரு சேந்து வாங்கினது. நம்ம கொல்லையில வெட்டற சவுக்கு விறகு, பக்கத்து ஊரு உப்பு, நெல்லு, சுண்ணாம்புக் கிளிஞ்சல், எது கெடைச்சாலும் ஏத்திகினு சென்னைக்குப் போவாங்க. சவுக்கே நம்ம பக்கம் பரவுனதுக்குக் காரணம் விறகுதான். ரயில் இன்ஜினுக்கு எரிக்க விறகு வேணும்னு 1860-கள்லயே வெள்ளைக்காரன் இந்தக் கடலோர மணல்ல சவுக்குத் தோப்பு போட வச்சான். அப்புறம் ஊரு பூரா அடுப்புக்கும் அதுதான். கேஸ் அடுப்பு வர்ற வரைக்கும் சென்னைக்காரங்க சோறு எங்க பக்கத்து விறகுல வெந்துதுன்னு பெரியப்பா சொல்லுவார். கொஞ்சம் கூடதான் சொல்றாருன்னு வச்சிகினாலும், பாதியாச்சும் நெசம் இருக்கும்.

பெரியப்பா பதினாலு வயசுல தோணிக்குப் போனவர். அஞ்சாவதோட படிப்ப நிறுத்திட்டு. அவர் வேலை கயிறு இழுக்கறது. தோணியிலருந்து ஒரு நீட்டுக் கயிறு, அத நெஞ்சுல பட்டையா சுத்திகினு கரை மேல நடக்கணும். தோணி மேல ஒரு ஆளு மூங்கில் கழி ஊனித் தள்ளுவாரு. பின்னால ஒரு ஆளு சுக்கான் புடிப்பாரு. சித்திரை வைகாசியில சோளக்காத்து தெக்கருந்து அடிக்கும். அப்ப பாயத் தூக்கினா சென்னைக்கு ரெண்டரை நாள்ல போயிடலாமாம். காத்து இல்லன்னா நாலு நாள். ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து எதிர்ல வந்தா கணக்கே கெடையாது.

"சுமைன்னா அது இன்னா சுமை தெரியுமாடா. மொத பத்தடிதான் கஷ்டம். தோணி நவுந்துட்சின்னா அப்புறம் அது உன்ன விட்டுட்டு வராது, கூடவே வரும். மாடு மாதிரி."

இத எத்தனையோ தடவ சொல்லியிருக்கார். சொல்லும்போது கை தானா நெஞ்சுக்குப் போவும். கயிறு அறுத்த தழும்பு இன்னும் தோள்பட்டையில இருக்கு.

பாலாத்துக்கிட்ட போனா சில நாள் மண்ணு தட்டும். தண்ணி ஏற்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். அங்கதான் சோறாக்கறது. தோணியிலயே மண்ணடுப்பு, கால்வாயிலயே வலை போட்டா எறா. பாரதிதாசன் கூட இந்தக் கால்வாயில மாமல்லபுரத்துக்குத் தோணியில போனதப் பாட்டா எழுதியிருக்கார், 'மாவலிபுரச் செலவு'ன்னு. பெரியப்பாவுக்கு ஒரு நாள் படிச்சிக் காட்டினேன். கண்ண மூடிகினு கேட்டுட்டு, "அவரு மேல ஒக்காந்துகினு போயிருக்காரு"ன்னு மட்டும் சொன்னார்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சின்னு உங்களுக்கே தெரியும். லாரி வந்திச்சி. நாலு நாள் தோணியில போறத லாரி அரை நாள்ல போட்டுட்டு வந்துடும். 1965, 66-ல அடிச்ச புயல்ல கரை ஒடைஞ்சி, மண்ணு மூடி, லாக்குங்க எல்லாம் வீணாப் போச்சி. திரும்ப சரி பண்ண யாருக்கும் அக்கறை இல்ல. எங்க தோணி கரையில கவுந்து கெடந்து, அப்புறம் பலகையப் பிரிச்சி மாட்டுக் கொட்டாய்க்குக் கதவு போட்டாங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது அந்தக் கதவப் பாத்திருக்கேன். ஆணிக்குப் பதிலா கயித்துல தச்ச ஓட்டை வரிசையா இருக்கும். அது எதுக்குன்னு எனக்கு அப்ப தெரியாது. ஓட்டையில குச்சி உட்டு வெளையாடுவோம்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். பழைய காலத்துல எல்லாம் நல்லாருந்திச்சின்னு எழுத நான் வரல. சரக்குத் தோணி நின்ன பிறவு எங்க ஊருக்கு மிஞ்சுனது கால்வாயத் தாண்டற ஒரு சின்ன ஓடம்தான். அந்த ஓடக்காரர் இருந்தா போவலாம், இல்லன்னா கரையில நின்னு கூவணும். 1979 கார்த்திகை. கொல்லையில மல்லாட்டைக்குக் களை எடுக்கப் போன சின்ன அத்தைய நல்ல பாம்பு கடிச்சிடுச்சி. மழை ஜோரு. கால்வா கரை தெரியாம ஓடுது. ஓடம் இந்தக் கரையில, அத்தை அந்தக் கரையில. ஓடக்காரர் எறங்கத் தயங்கினார், அவரைத் தப்பு சொல்ல முடியாது. நைனாவும் பெரியப்பாவும் வாழைமரத்தக் கட்டி மெதக்கவிட்டு அந்தாண்ட போயி, அத்தைய அதுல படுக்க வச்சி இழுத்துகினு வந்தாங்க. இந்தக் கரைக்கு வரும்போது அத்தைக்கு உசுரு இல்ல. பத்தொம்பது வயசு.

அதனால பாலம்னா எங்க வீட்டுல சாதாரண சமாச்சாரம் கெடையாது. 80-கள்ல மொத பாலம் வந்தப்ப எங்க ஆயா அதுக்குக் குங்குமம் வச்சி கற்பூரம் ஏத்தினா. அது குறுகலான பாலம். மாட்டு வண்டி போனா எதிர்ல சைக்கிள் வர முடியாது. ஆனா ஒண்ணு, நடுவுல ஒட்டகம் மாதிரி முதுகு தூக்கி இருக்கும். தோணியே வராத காலத்துல எதுக்கு அவ்ளோ ஒசரம்னு கேட்டா, கால்வாயில பாலம் கட்டினா தோணி போற மாதிரிதான் கட்டணும்னு அப்ப ஒரு நெனப்பு இருந்திச்சி போல. மேடு ஏற முடியாம மாடு முட்டிப் போட்டுடும். நாங்க பசங்க வண்டிய பின்னாலருந்து தள்ளுவோம். ஆளுக்கு நாலணா.

2004 சுனாமி அன்னைக்கி அந்தப் பாலத்து மேல நின்னுதான் நாங்க பொழைச்சோம். குப்பத்துல போன உசுருங்களப் பத்தி இங்க எழுத எனக்குக் கை வராது. ஆனா கடல் தண்ணி மணல் மேட்டத் தாண்டி வந்து கால்வாயில விழுந்திச்சி. கால்வா அத வாங்கிகினு வடக்கயும் தெக்கயும் பிரிச்சி அனுப்பிடுச்சி. மேற்க இருந்த ஊருக்குள்ள முழங்கால் அளவு கூட வரல. கால்வாதான் இந்தக் கடலோரத்துல நெறைய ஊரக் காப்பாத்திச்சின்னு அப்புறம் படிச்சவங்களும் எழுதினாங்க. பஞ்சத்துல வெட்டின ஜனங்க நூத்தி முப்பது வருசம் கழிச்சி எங்களக் காப்பாத்தினாங்கன்னு நான் நெனைச்சிகினேன்.

2008-ல காக்கிநாடாவுலருந்து பாண்டிச்சேரி வரைக்கும் இந்தக் கால்வாயையும், கூட கோதாவரி, கிருஷ்ணா ஆத்துல கொஞ்சத்தையும் சேத்து தேசிய நீர்வழின்னு சட்டம் போட்டாங்க. நம்பர் 4. பேப்பர்ல பாத்துட்டு நான் பெரியப்பாகிட்ட ஓடிப் போயி சொன்னேன். மனுசன் ஒரு வாரம் தரையில கால் பாவல. "கயிறு வேணாம்டா இப்ப, மோட்டார் போட்டுப் போவாங்க"ன்னு டீக்கடையில ஒக்காந்து பாக்கறவங்ககிட்ட எல்லாம் சொன்னார். ஆளுங்க வந்து அளந்தாங்க, போனாங்க. எங்க பக்கத்துல அதுக்கு மேல ஒண்ணும் நடக்கல. சீமைக்கருவேலம் மட்டும் ரெண்டு கரையிலயும் ஜோரா வளந்திச்சி.

இதுக்குள்ள பழைய பாலம் ஒடம்பு விட்டுடுச்சி. உப்புத் தண்ணி, உப்புக் காத்து. காரை பேந்து கம்பி வெளியத் தெரிஞ்சிது. லாரி போவக் கூடாதுன்னு போர்டு வச்சிட்டாங்க. சவுக்கு வெட்டினா ட்ராக்டர்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ரோட்டுக்குக் கொண்டாந்து, எறக்கி, திரும்ப லாரியில ஏத்தணும். டன்னுக்கு 350 ரூபா அதுக்கே போச்சி. வியாபாரி வெலையிலயும் கொறைச்சிடுவான், "உங்க ஊர்ல பாலம் இல்லியே"ன்னு. ஆம்புலன்ஸும் அந்தாண்ட வராது. குப்பத்துல வலி எடுத்த பொம்பளைங்கள ஷேர் ஆட்டோவுல இந்தக் கரைக்குக் கொண்டாருவாங்க.

புதுப் பாலம் கேட்டு பல வருசம் அலைஞ்சோம். கடைசியா 2016-ல கூட்டம் போட்டாங்க. பள்ளிக்கூடத்து மரத்தடியில. வந்த இன்ஜினியர் வரைபடத்த விரிச்சி வச்சிகினு ரெண்டு விதமா கட்டலாம்னார். ஒண்ணு ஒசரமா, கீழ படகு போற மாதிரி. அதுக்கு ரெண்டு பக்கமும் ஏத்தம் நீட்டா போடணும், நெலம் எடுக்கணும், நாள் ஆவும். இன்னொண்ணு தாழ்வா, ரோட்டு மட்டத்துக்கே. நெலம் எடுக்க வேண்டியதில்ல. மேல கேட்டு முடிவு பண்ணுவாங்க, ஊர்ல என்ன சொல்றீங்கன்னு கேட்டார்.

ஒசரமா கட்டினா கிழக்குக் கரை ஏத்தம் வந்து எறங்கறது என் கொல்லையில. இருபத்திரெண்டு சென்ட் போவும். போர் அதுலதான் இருக்கு. ஆறு தென்ன மரம், நைனா வச்சது. மணல் மேட்டுல நல்ல தண்ணி வர்ற எடம் ரொம்பக் கம்மி. கொஞ்சம் தள்ளிப் போட்டா உப்பு. அந்த போரு போச்சின்னா மூணு ஏக்கரும் வானத்தப் பாத்துகினு நிக்கணும்.

நான்தான் எழுந்து பேசினேன். தாழ்வாவே கட்டுங்க, சீக்கிரம் கட்டுங்கன்னு. பெரியப்பா பின்னால திண்ணையில ஒக்காந்திருந்தார். "தம்பி, ஒசரமா கட்டச் சொல்லு. நாளைக்குத் தோணி வந்தா எப்பிடிப் போவும்?"னார். கூட்டத்துல ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அத மறக்க முடியல. "பெரியப்பா, இனிமே தோணி எங்கருந்து வருது? சென்னையிலயே கால்வா நடுவுல பறக்கும் ரயிலுக்குத் தூணு நட்டு வச்சிருக்காங்க. அங்கயே போவ முடியாது, நம்ம ஊர்ல மட்டும் எதுக்கு வழி?"ன்னு கேட்டேன். எல்லாரும் சரின்னாங்க. சொன்னது பொய்யில்ல. சேப்பாக்கத்துலருந்து மயிலாப்பூர் வரைக்கும் போயி பாருங்க, கால்வா வயித்துலயேதான் தூணு. ஆனா நான் அதச் சொன்னது கால்வாக்காக இல்ல. என் போருக்காக.

மனுவ நான்தான் எழுதினேன். என் கையெழுத்து நல்லாருக்கும்னு. நூத்தி நாப்பது கையெழுத்து வாங்கினேன். பெரியப்பாகிட்ட கொண்டு போனப்ப மைப் பெட்டிய ஓரமாத் தள்ளி வச்சிட்டு, "உன் போரு நல்லாருக்கட்டும்"னார். கோவமா சொல்லல. அதான் வலிச்சிது.

2018-ல பாலம் தெறந்திச்சி. தட்டையா, அகலமா, ரெண்டு லாரி எதிரும் புதிருமா போற மாதிரி. நடுவுல நாலு தூணு. லாரி வந்திச்சி, வெல கெடைச்சிது, 108 வண்டி குப்பம் வரைக்கும் போச்சி. அடுத்த வருசமே ஒரு பிரசவம் தப்பிச்சிது. இதெல்லாம் நான் எப்பவும் சொல்லுவேன். இந்தப் பாலம் வேணாம்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். பாண்டிச்சேரிகிட்ட கரை ஏறிச்சி. எங்க பக்கம் காத்து கூட பரவால்ல, மழைதான் நிக்கவே இல்ல. மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல அம்பது சென்டிமீட்டர். மேற்க இருக்கற ஏரித் தண்ணி எல்லாம் ஓடி வந்து கால்வாயில விழுது. அது கூடவே ஆகாயத்தாமரை, ஒடைஞ்ச சீமைக்கருவேலங் கொப்பு, குப்பை. எல்லாம் வந்து பாலத்துத் தூணுல மாட்டிகிச்சி. பாலமே அணை மாதிரி ஆயிடுச்சி. வடக்குப் பக்கம் தண்ணி ஏறிகினே போவுது. ராத்திரி எட்டு மணிக்கு ஸ்லாபுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு அடிதான் எடம்.

பாலத்துக்கு வடக்க, கால்வாக்கரைப் பள்ளத்துல உப்பளத்து ஜனங்க குடிசை ஒம்பது இருக்கு. அவங்க மாட்டிகினாங்க. கூரை மேல ஏறிட்டாங்க, போன்ல கத்துறாங்க. நடந்து போவ வழியில்ல, சுத்தி ஆள் ஒசரம் தண்ணி. குப்பத்துப் பசங்களுக்கு போன் போட்டோம். அவங்க யோசிக்கவே இல்ல. தெக்க முகத்துவாரத்துல கட்டியிருந்த ஃபைபர் போட்ட எடுத்துகினு, கால்வாயிலயே மோட்டார் போட்டு, எதிர்த் தண்ணியில வந்துட்டாங்க. இருட்டுல மோட்டார் சத்தம் கேட்டப்ப எனக்கு மயிர் கூச்செறிஞ்சிது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து எங்க ஊர்க் கால்வாயில நெடுந்தூரம் ஓடி வந்த மொத படகு அது.

வந்து பாலத்துல முட்டி நின்னுடுச்சி.

ஒரு அடி சந்துல எந்தப் படகு போவும். பசங்க டார்ச்ச அடிச்சிப் பாக்கறாங்க, எங்கள அண்ணாந்து பாக்கறாங்க. பாலத்து மேல முப்பது பேரு நிக்கறோம். ஒருத்தரும் பேசல. எதுவும் சொல்லணும்னு கூட யாருக்கும் தோணல, ஆனா எனக்கு மட்டும் எல்லாரும் என்னையே பாக்கற மாதிரி இருந்திச்சி.

படகக் கரையேத்தி, ரோட்டு மேல இழுத்து, அந்தப் பக்கம் எறக்கறதுன்னு முடிவாச்சி. மோட்டாரக் கழட்டினாலும் ஆயிரம் கிலோவுக்குக் கொறையாது. என் கொல்லையில சவுக்குக் கட்டை அடுக்கி வச்சிருந்தேன். அத உருட்டிக் கொண்டாந்து உருளை மாதிரி அடியில போட்டோம். கயிறு கட்டறோம், நழுவுது. திரும்பக் கட்டறோம், நழுவுது. அப்ப பின்னாலருந்து ஒரு கொரலு.

"மூக்குல கட்டாதீங்கடா. வயித்தோட சேத்து சுத்துங்க. இழுக்கறவன் கையால இழுக்காத, நெஞ்சுல போடு."

பெரியப்பா. தலையில கோணி, கையில ஒரு கழி. இந்த மழையில யாரு கூப்டாங்கன்னு தெரியாது. மோட்டார் சத்தம் கேட்டு வந்திருக்கார். அவர் சொன்ன மாதிரி கட்டினோம். அவர் 'ஏலேலோ'ன்னு ஏதும் பாடல, சினிமாவுல வர்ற மாதிரி எதுவும் நடக்கல. "இப்ப... இப்ப..."ன்னு மட்டும் சொன்னார். மொத பத்தடி நெஜமாவே நவுரல. அப்புறம் நவுந்திச்சி. நெஞ்சுல கயித்த வாங்கிகினு மொத ஆளா நான் நின்னேன். அவர் சொன்ன அந்தச் சுமை என்னான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிது.

ஒண்ணரை மணி நேரம் ஆச்சி. கூரை மேல இருந்தவங்க அந்த ஒண்ணரை மணி நேரமும் மழையில. அதுல ஒரு கைக்கொழந்தை. படகு அந்தப் பக்கம் எறங்கி, மூணு தடவ போயி எல்லாரையும் கொண்டாந்திச்சி. ஆளுக்கு ஒண்ணும் ஆவல. ஆடு பதினாலு போச்சி. கொழந்தைக்கு நிமோனியான்னு பத்து நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க, இப்ப நடக்கறா. அவங்க அப்பா என்னப் பாத்தா இன்னும் கும்புடுவார், கட்டை குடுத்தீங்கன்னு. எனக்கு எங்க மூஞ்சிய வச்சிக்கறதுன்னு தெரியாது.

மறுநாள் ஜேசிபி வச்சி ஆகாயத்தாமரையத் தள்ளினப்புறம்தான் தண்ணி எறங்கிச்சி. என் மல்லாட்டை மூணு நாள் உப்பும் சேறுமா ஊறி அழுகிப் போச்சி. போரு தப்பிச்சிது. தென்ன மரம் ஆறும் நிக்குது.

இப்ப வருசா வருசம் ஐப்பசிக்கு முன்னால நாங்களே எறங்கித் தூணுக்கு நடுவுல அடைஞ்சத எடுக்கறோம். வீட்டுக்கு ஒரு ஆளு. குப்பத்துலருந்து ஒரு படக பாலத்துக்கு வடக்குப் பக்கம் நிரந்தரமா கட்டி வைக்கச் சொல்லி, வாடகைய ஊர்ப் பணத்துலருந்து குடுக்கறோம். பாலத்த இனிமே ஒசத்த முடியாதுன்னு கேட்ட எடத்துல எல்லாம் சொல்லிட்டாங்க. அந்த மனுவோட நகல் என்கிட்ட இருக்கு. என் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு.

புதன்கிழமை நான் கழி போட்டு அளந்துகினு இருந்தப்ப பெரியப்பா மேல பாலத்துக் கட்டையில ஒக்காந்து லாரியப் பாத்துகினு இருந்தார். நான் ஏறி வந்து பக்கத்துல ஒக்காந்தேன். எவ்ளோ அளவுன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல.

"எத்தினி டன்னு ஏத்தியிருக்கான்?"

"பதினஞ்சு இருக்கும் பெரியப்பா."

"நம்ம தோணியில பத்து ஏத்துவோம். எங்க போவுது?"

"கழி எல்லாம் சென்னைக்கு. வீடு கட்டற எடத்துக்கு."

"எப்பப் போயி சேரும்?"

"மூணு மணி நேரம்."

கொஞ்ச நேரம் கால்வாயப் பாத்துகினு இருந்தார். தண்ணி வத்த ஆரம்பிச்சிருந்திச்சி.

"பரவால்ல"ன்னார். "கால் வலிக்காது."